ஷிஹாத்தா குடித்த காப்பி

ஸர்கா ஊரில் எல்லோரும் வந்தேறிகள்தான். முதலில் வந்தவர்கள் அதை மறந்துவிட்டார்கள், கடைசியில் வந்தவர்களுக்கு மறக்க இன்னும் அவகாசம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஆற்றங்கரையில் முதல் மண்சுவரை எழுப்பிய செச்சென்காரர்கள் மாட்டுவண்டியில் வந்தார்கள். பிறகு ரயில் வந்தது. பட்டாளம் வந்தது. பட்டாளத்தில் சேரப் பாலைவனத்துக் குடிகள் வந்தார்கள். பாலஸ்தீனத்திலிருந்து விட்டுவந்த வீட்டின் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு அகதிகள் வந்தார்கள். எண்ணெய் ஆலை வந்தபோது யார் யாரோ வந்தார்கள். ஆறு வற்றி நாற்றம் மட்டும் மிஞ்சியது. அதற்கு அவரவர் தமக்குப் பின்னால் வந்தவரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குவைத்தில் போர் மூண்டு அங்கிருந்து கிளப்பிவிடப்பட்டவர்கள் வந்து சேர்ந்தபோது எல்லோருக்குமே வசதியாகப் போயிற்று. வாடகை ஏறினால் குவைத்காரன். தக்காளி விலை ஏறினாலும் குவைத்காரன்.

மைசூன் அப்படி வந்தவள். பிறந்தது, படித்தது, கல்யாணம் கட்டியது, இரண்டு பெண்களைப் பெற்றது எல்லாம் குவைத்தில். புருஷன் ராசிம் கொண்டுவந்த சேமிப்பைப் போட்டு ஒரு பழைய சிற்றுந்தை வாங்கி, ஸர்காவுக்கும் அம்மானுக்கும் நடுவே ஆள் ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தான். செச்சென்கார ஹாஜி அர்சானுக்கின் வீட்டு மாடியில் குடியிருந்தார்கள். பக்கத்து வீடு அபூ ஹாயிலுடையது. பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், பாலைவனத்துக் குடி. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். இருமினால் அந்தப் பக்கம் கேட்கும்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு விடியலில் ராசிம் சந்திலிருந்து வண்டியைப் பின்னால் எடுத்தான். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருந்தது. அபூ ஹாயிலின் இளைய மகன் நவ்வாஃப், பட்டாளத்திலிருந்து விடுப்பில் வந்து திரும்பிப் போகிற பையன், வண்டிக்குப் பின்னால் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். ராசிம் பார்க்கவில்லை. அலறலைக் கேட்டுத்தான் பிரேக்கை மிதித்தான். அதற்குள் பின்சக்கரம் பையனின் வலது காலில் ஏறிவிட்டது.

அன்றைக்கே ராசிமைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது. தண்டனைக்கு மட்டும் அல்ல, பாதுகாப்புக்காகவும்தான் என்றார்கள். பையனை ஆஸ்பத்திரியில் வைத்து, காலுக்குள் கம்பி விட்டு, சில நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதிலிருந்து மைசூன் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் முனகுவது கேட்கத் தொடங்கியது. அவனைப் புரட்டிப் படுக்க வைக்கிறபோது முனகல் அலறலாகும். மைசூன் ரேடியோவை நிறுத்தினாள். பெண்களை வெறுங்காலோடு நடக்கச் சொன்னாள்.

பையன் வீட்டார் பழிவாங்காமல் பொறுத்திருக்கப் போலீஸ் பேசி வாங்கிக் கொடுத்த முதல் தவணை முடியப் போகிற சமயத்தில் ஹாஜி அர்சானுக் மாடி ஏறி வந்தார். ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தொப்பியிலிருந்து மழையை உதறிவிட்டு வாசலிலேயே நின்று கேட்டார்.

"உம் ஸல்மா, உன் வீட்டுக்காரர் பக்கத்துல ஆம்பளைங்க யார் யார் இருக்காங்க? சொல்லு."

மூத்தவள் பெயர் ஸல்மா; உம் என்றால் அம்மா, அபூ என்றால் அப்பா. தெருவில் மைசூனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

"அண்ணன் ஒருத்தர் கனடாவுல இருக்கார் ஹாஜி. தம்பி ஏமன்ல."

"கனடாவுலேர்ந்து ஆள் வர்றதுக்குள்ள பனி உருகிடும். பெரியப்பா, சித்தப்பா?"

"பெரியப்பா ஒருத்தர் இருக்கார். எங்கே இருக்கார்னுதான் தெரியல."

"அப்ப யாருமே இல்லன்னு சொல்லு."

"நான் இருக்கேன்."

"நீ பொம்பளை. கணக்குல வரமாட்டே." ஹாஜி தாடியைச் சொறிந்தார். "ஜாஹா போகணும்மா. பெரிய மனுஷங்க கூட்டமா அவங்க வாசலுக்குப் போய், நடந்தது நடந்துபோச்சு, பொறுத்துக்கங்கன்னு கேக்கணும். அவர் சரின்னு ஒரு வார்த்தை சொன்னாத்தான் உன் வீட்டுக்காரர் வெளியே வருவார். சொல்லலைன்னா அவர் உள்ளேயே கிடக்க வேண்டியதுதான், நீயும் பிள்ளைங்களும் இந்தத் தெருவுல இருக்க முடியாது. என் வீடுதான், நான் போகச் சொல்லமாட்டேன். ஆனா உங்களால இருக்க முடியாது."

"நீங்க போய்ச் சொன்னா கேக்கமாட்டாங்களா?"

"நான் ஒத்தையாப் போய் நின்னா, 'என்ன ஹாஜி, வாடகை போயிடுமேன்னு வந்தீங்களா'ன்னு கேப்பாங்க. முப்பது நாப்பது தலை வேணும். நரைச்ச தலையா இருந்தா நல்லது. எத்தனை பேர் வந்தாங்கங்கறதுதான் அவங்களுக்கு மரியாதை. சொந்தக்காரன் இல்லாதவங்க தெருக்காரனைத்தான் சேர்க்கணும்."

மைசூன் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். "ஹாஜி, அதுக்கு முன்னால நான் ஒரு தடவை போய் அவங்க அம்மாவைப் பார்த்துட்டு வரட்டுமா? பையன் எப்படி இருக்கான்னு ஒரு வார்த்தை."

"வாசப்படியை மிதிக்காதே. சமாதானம்னு அவங்க வாயால வர்றவரைக்கும் உங்க வீட்டு மூஞ்சி அவங்க கண்ணுல படக்கூடாது. அது வழக்கம்."

"யார் போட்ட வழக்கம்?"

"நாங்க வர்றதுக்கு முந்தியே போட்டு வச்சிருந்தாங்க. அதைத் தெரிஞ்சுக்கறதுக்குள்ள எங்க தாத்தா ஒரு ஜோடி மாட்டைப் பறிகொடுத்தார்." படி இறங்கப் போனவர் நின்று திரும்பினார். "முக்கியமான ஒண்ணு. வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லிடு. அங்கே காப்பி ஊத்தி வைப்பாங்க. ஒருத்தனும் தொடக்கூடாது. கோப்பை அப்படியே இருக்கணும். கேக்கறதை நான் கேப்பேன், அவர் 'குடிங்க, வந்த காரியம் ஆச்சு'ன்னு சொல்வார். அப்புறம்தான் குடிக்கணும். எவனாவது முந்திக்கிட்டுக் குடிச்சா, எங்களுக்குக் கேக்க ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். எழுந்து போகச் சொல்லிடுவாங்க."

மறுநாள் ஜெயிலுக்குப் போனாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ராசிம் தாடியோடு நின்றான். இரண்டு கையையும் கட்டி அக்குளில் செருகிக்கொண்டிருந்தான். கை நடுங்குவதை மறைக்கத்தான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"அவன் எப்படி இருக்கான்?" என்றான் முதல் வார்த்தையாக.

"தெரியாது. கேக்கக்கூடாதாம்."

"சுவத்துக்கு அந்தப் பக்கம் கிடக்கறான், தெரியாதா?"

"சத்தம் கேக்குது."

"என்ன சத்தம்?"

"பேசற சத்தம்தான்," என்று மைசூன் பொய் சொன்னாள்.

அவன் நம்பவில்லை. "நான் இனிமே வண்டியைத் தொடமாட்டேன், மைசூன். வித்துடு. வெளியே வந்தா சுமை தூக்கறேன், கல்லு உடைக்கறேன். அதுல மட்டும் உக்காரமாட்டேன்."

"முதல்ல வெளியே வாங்க," என்றாள்.

அன்றிலிருந்து அவள் தலை சேர்க்கப் புறப்பட்டாள். பனியும் மழையும் கலந்து கொட்டிய வாரம் அது. முட்டாக்கை இறுக்கிக்கொண்டு, பிளாஸ்டிக் பை கட்டிய செருப்போடு, சேற்றில் தெருத் தெருவாக நடந்தாள். குவைத்தில் அவள் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் தட்டச்சு செய்தவள். இப்படிக் கடை வாசலில் நின்று ஆம்பளைகளிடம் கேட்டுப் பழக்கமில்லை. முதல் இரண்டு கடையில் வெட்கம் பிடுங்கித் தின்றது. மூன்றாவது கடையில் வெட்கத்தை உதறிவிட்டாள்.

மருந்துக்கடை அபூ ஹன்னா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உம் ஸல்மா, நான் கிறிஸ்தவன். இது உங்க விவகாரம். நான் எதுக்கு?"

"நரைச்ச தலை வேணும்னு ஹாஜி சொன்னார்."

"ஓ, தலையைத்தான் கூப்பிடறியா? சரி, அது தனியாப் போகாது, நானும் கூட வரேன். காப்பி சமாச்சாரம் தெரியும், எனக்குச் சொல்ல வேண்டாம்."

இனிப்புக்கடை டமாஸ்கஸ்காரர் வருகிறேன் என்றார். அகதி முகாம் பள்ளிக்கூட வாத்தியார் நாலு பேரைக் கூட்டி வருகிறேன் என்றார். பாக்தாதில் கல்லூரியில் பாடம் நடத்தி இப்போது நடைபாதையில் சிகரெட் விற்கிறவர், "என்கிட்ட ஒரு கோட்டு இருக்கு, போட்டுக்கிட்டு வரேன்," என்றார். ஒவ்வொருவரிடமும் காப்பியைத் தொடக்கூடாது என்று சொன்னாள். பாதிப் பேர் சிரித்தார்கள். எங்களுக்கே சொல்லித் தர்றியா, குவைத்துப் பொண்ணே, என்றார் ஒருவர்.

கடைசியில் ரொட்டிக்கடை. எகிப்துக்காரன் ஷிஹாத்தா அடுப்புக்கு முன்னால் நின்று, நீளப் பலகையால் ரொட்டியை இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். ஃபய்யூம் பக்கத்துக் கிராமத்தான். புருவம் வரை மாவு. பத்து வருஷமாக இந்தத் தெருவே அவன் ரொட்டியைத்தான் தின்கிறது, ஆனால் அவனுக்கு ஒரு ஊர் உண்டு, பிள்ளை குட்டி உண்டு என்று யாரும் கேட்டதில்லை. வரிசையில் மைசூனுக்குப் பின்னால் பெண்கள் முண்டிக்கொண்டு நின்றார்கள்.

"எத்தனை கிலோம்மா?"

"ரெண்டு. அண்ணே, வியாழக்கிழமை மத்தியானம் ஜாஹா போறாங்க. நீங்க வர முடியுமா?"

ஷிஹாத்தா பலகையைக் கீழே வைத்துவிட்டான். "நானா? பெரிய மனுஷங்க நடுவுல எனக்கு என்னம்மா வேலை? நான் எதுவும் பேசத் தெரியாதவன்."

"பேச வேண்டாம். உக்காந்திருந்தாப் போதும். ஆள் குறையுது."

"ஒரு தலை கூடத் தெரியணும், அவ்வளவுதானே? வந்துடறேன். உன் வீட்டுக்காரர் தினமும் விடியக்காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னால என்கிட்ட வந்து டீ குடிப்பார். நல்ல மனுஷன்."

"மத்தவங்க செய்யறதைப் பார்த்து அப்படியே..." என்று மைசூன் ஆரம்பித்தாள்.

பின்னாலிருந்து ஒருத்தி, "ரொட்டி வாங்க வந்தியா, ஊர்வலம் சேர்க்க வந்தியா? அடுப்புல பிள்ளைங்களுக்குப் பருப்பு காயுது எனக்கு," என்றாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மைசூன் கை பொறுக்காத சூட்டில் இருந்த ரொட்டியை முட்டாக்கு நுனியில் சுற்றிக்கொண்டு நகர்ந்துவிட்டாள். காப்பி விஷயத்தைச் சொல்லவில்லை. அரபு பேசுகிற எவனுக்கும் அது தெரிந்திருக்கும் என்று நடு வழியில் தன்னைத் தேற்றிக்கொண்டாள். அவளுக்கே போன வாரம்தான் தெரியும் என்பது அப்போது அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

வியாழக்கிழமை வெயில் அடித்தது. ஊருக்குக் குழாயில் தண்ணீர் வருகிற நாளும் அதுதான். தெருவில் அத்தனை மோட்டாரும் ஓடின. அபூ ஹாயில் வீட்டுக்கு முன்னால் இருந்த காலி மனையில் ஆட்டுமயிர்க் கூடாரம் போட்டு, வெயில் வரட்டும் என்று ஒரு பக்கத்தைத் திறந்து விட்டிருந்தார்கள். மைசூன் மொட்டைமாடியில் தொட்டி நிரம்புவதைப் பார்க்கிற சாக்கில் உட்கார்ந்திருந்தாள். ஹாஜியின் மனைவி ஜன்னத், அடைப்பதற்காகச் சுரைப் பிஞ்சுகளை ஒரு தட்டு நிறைய வைத்துக் குடைந்துகொண்டிருந்தாள். மைசூனுக்கும் ஒரு கத்தியைக் கொடுத்திருந்தாள்.

"கையை வேலைல வை. இல்லாட்டி நகத்தைத் தின்னுடுவே," என்றாள்.

ஜாஹா வந்தது. முன்னால் ஹாஜி, ஆட்டுத்தோல் தொப்பியோடு. பக்கத்தில் அபூ ஹன்னா. பின்னால் வாத்தியார், டமாஸ்கஸ்காரர், பாக்தாத்காரரின் கோட்டு, சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணிகள், கறுப்புக் கட்டம் போட்டவை, வெறும் வழுக்கைகள். தெருவில் இத்தனை பேர் ஒரே திசையில் நடந்து மைசூன் பார்த்ததில்லை. அத்தனையும் தான் சேர்த்த தலை. ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினாள்.

அபூ ஹாயில் எழுந்து வரவேற்றார், சிரிக்கவில்லை. அவர் பக்கத்தில் மூத்த மகன் ஹாயில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எல்லோரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்த பிறகு ஷிஹாத்தா ஓடி வந்தான். முகம் கழுவியிருந்தான், காதில் மாவு அப்படியே இருந்தது. காலியாக இருந்தது முன்வரிசைக் கோடியில் ஒரே ஒரு நாற்காலி. பெரிய மனுஷன் யாருக்கோ போட்டது. அதில் உட்கார்ந்தான்.

"அவனை ஏன் கூப்பிட்டே?" என்றாள் ஜன்னத்.

"ஒரு ஆள் குறைஞ்சது."

"குறைஞ்சாக் குறையட்டுமே. அவனுக்கு நம்ம வழக்கம் தெரியுமா?"

மைசூன் சுரைக்குள் விட்ட கத்தி மறுபக்கம் துளைத்துக்கொண்டு வந்தது.

காப்பி ஊற்றுகிறவன் பித்தளைக் கூஜாவோடு முன்வரிசையில் நடந்தான். கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பைகள். ஒவ்வொருவரும் வாங்கிக் காலடியில் இருந்த முக்காலியில் வைத்தார்கள். ஹாஜி எழுந்து, கடவுளைப் புகழ்ந்து, நபியைப் புகழ்ந்து, அபூ ஹாயிலின் தகப்பனைப் புகழ்ந்து மெதுவாக விஷயத்துக்கு வந்துகொண்டிருந்தார். கோடியில் ஷிஹாத்தா கோப்பையைத் தூக்கிக் குடித்தான்.

"யா அல்லா," என்றாள் ஜன்னத் அடங்கிய குரலில்.

குடித்துவிட்டு மரியாதையாகக் கோப்பையை நீட்டினான். போதும் என்றால் கோப்பையை ஆட்டிக் கொடுக்க வேண்டும். அதுவும் அவனுக்குத் தெரியாது. ஊற்றுகிறவன் கை பழக்கத்தில் மறுபடியும் ஊற்றிவிட்டது. ஷிஹாத்தா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அதையும் குடித்தான். அதற்குள் ஹாஜியின் பேச்சு நின்றுவிட்டது. நாற்பது பேரும் ஒரு கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஹாயில்தான் முதலில் பேசினான். "ஹாஜி, உங்க ஆள் குடிச்சாச்சு. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. அப்ப உங்களுக்கு ஒண்ணும் கேக்கறதுக்கு இல்ல. என் தம்பி கால் உங்களுக்கு விளையாட்டாப் போச்சு. எழுந்திரிங்க."

"தம்பி, அந்த ஆள் வெளியூர்..."

"வெளியூர் ஆளை முன்வரிசைல உக்கார வைக்கறதுதான் எங்களுக்கு நீங்க குடுக்கற மரியாதையா?"

அபூ ஹாயில் கையைக் காட்டி மகனை நிறுத்தினார். ஷிஹாத்தாவைப் பார்த்தார். "நீ யாரு?"

"ரொட்டிக்கடை ஷிஹாத்தா, மாமா. உங்க வீட்டுக்கு தினமும் மூணு கிலோ நான்தான் குடுத்து விடறேன்."

"இந்தக் காப்பியை ஏன் குடிச்சே?"

ஷிஹாத்தா சுற்றிலும் பார்த்தான். யாருடைய கோப்பையும் காலியாகவில்லை என்பது இப்போதுதான் கண்ணில் பட்டது. முகம் வெளிறிப் போயிற்று. "எங்க பக்கத்துல வச்ச காப்பியைத் தொடாம விட்டா வீட்டுக்காரரை அவமானப்படுத்தின மாதிரி, மாமா. அப்படி ஆகிடக்கூடாதேன்னுதான் கசப்பைப் பொறுத்துக்கிட்டுக் குடிச்சேன். சக்கரை போட மறந்துட்டாங்கன்னு நினைச்சேன்."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

"என் காப்பியைக் குடிச்சவன் வெறுங்கையோட போகக்கூடாது," என்றார் அபூ ஹாயில். "வந்த காரியம் என்ன? கேளு. தரேன்."

ஜன்னத் மைசூனின் முழங்கையைப் பிடித்தாள். "கேக்கச் சொல்றார். புத்திசாலி மனுஷன், வழி விடறார் பாரு. ஏ ஷிஹாத்தா, கேளுடா."

ஷிஹாத்தா நெஞ்சில் கையை வைத்துக் குனிந்தான். பெரியவர் கொடுக்கிறேன் என்றால் வேண்டாம் என்பதுதான் அவன் வளர்ந்த இடத்துப் பண்பு. "எனக்கு எதுவும் வேண்டாம், மாமா. உங்க புண்ணியம். நான் சும்மா உக்காரத்தான் வந்தேன்."

ஜன்னத் கத்தியைத் தட்டில் போட்டாள்.

"கேட்டீங்கல்ல?" என்றான் ஹாயில். "ஒண்ணும் வேண்டாமாம். சும்மா உக்கார வந்தாங்களாம். உக்காந்தாச்சு."

அபூ ஹாயில் எழுந்து நின்றார். வீட்டுக்காரர் எழுந்தால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம். அவர் முகத்தில் கோபத்தைவிட அலுப்புதான் தெரிந்தது. நாற்காலிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. ராசிம் உள்ளேயே கிடப்பான். இருட்டுவதற்குள் பிள்ளைகளையும் படுக்கையையும் எடுத்துக்கொண்டு எங்கேயோ போக வேண்டும். எங்கே என்று மைசூனுக்குத் தெரியவில்லை. ஒரு ஊரிலிருந்து கிளப்பிவிட்டபோது படைகள் வந்தன, பீரங்கி வந்தது. இந்த ஊரில் அவளைக் கிளப்பிவிட ஒரு வாய்க் காப்பி போதுமாக இருந்தது.

மைசூன் எழுந்து கைப்பிடிச் சுவர் ஓரத்துக்கு வந்தாள். ஜன்னத் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். அவள் நகரவில்லை.

"அபூ ஹாயில், அந்த ஆளை நான்தான் அனுப்பினேன். காப்பியைத் தொடக்கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன், அவர்கிட்ட மட்டும் சொல்லாம விட்டுட்டேன். தப்பு அவர் மேல இல்ல. ஹாஜி மேலயும் இல்ல."

எல்லாத் தலையும் மேலே திரும்பின. பொம்பளைக் குரல் ஜாஹாவுக்கு நடுவே விழுந்தது இந்தத் தெரு கண்டதில்லை. என் புருஷனை விட்டுடுங்க என்று சொல்லத்தான் அவள் எழுந்தாள். வாயில் வந்தது வேறு.

"நவ்வாஃப் எப்படி இருக்கார்?"

அபூ ஹாயில் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். அவர் வீட்டு வாசலில் இருந்து ஒரு குரல் வந்தது. கறுப்பு உடையில், கை ஈரத்தோடு, பையனின் அம்மா உம் ஹாயில் நின்றிருந்தாள்.

"யார் கேக்கறது?"

"பக்கத்து வீடு. வண்டிக்காரர் பொண்டாட்டி."

"சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே?"

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். வரக்கூடாதுன்னுட்டாங்க. ரேடியோவை நிறுத்திட்டேன், பிள்ளைங்களைச் சத்தம் போட விடறதில்ல. அவ்வளவுதான் செய்ய முடிஞ்சுது."

"தெரியும்," என்றாள் உம் ஹாயில். "உன் வீட்டுச் சத்தம் நின்னது எனக்கும் கேட்டுது."

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கூடாரத்தைப் பார்த்துப் பேசினாள். "காலை எடுக்க வேண்டாம்னு நேத்துதான் சொன்னாங்க. நடப்பானான்னு சொல்லல. வாரத்துல மூணு நாள் பட்டாளத்து ஆஸ்பத்திரிக்குக் கட்டு மாத்தப் போகணும். கால்ல கம்பி நீட்டிக்கிட்டு இருக்கு, டாக்சில மடக்கி உக்கார முடியல, வழியெல்லாம் கதறறான். இத்தனை தொப்பி, இத்தனை தலைத்துணி வந்திருக்கீங்க. எங்க அப்பனையும் பாட்டனையும் புகழ்ந்தீங்க. பையன் எப்படி இருக்கான்னு ஒருத்தரும் கேக்கல."

உள்ளே போய்விட்டாள். ஹாஜி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அபூ ஹன்னா கண்ணாடியைத் துடைத்தார்.

அபூ ஹாயில் மறுபடி உட்கார்ந்தார், எழுந்தவர்களும் உட்கார்ந்தார்கள். "ஊத்து," என்றார் காப்பிக்காரனிடம். ஷிஹாத்தாவின் கோப்பை மூன்றாம் தடவை நிரம்பியது. "இந்தத் தடவை நான் சொன்னாத்தான்."

"நீங்க சொன்னாலும் எனக்கு வேண்டாம், மாமா," என்றான் ஷிஹாத்தா, அழாத குறையாக.

"வேண்டாம்கற பேச்சே உன் வாய்ல இனிமே வரக்கூடாது. ஹாஜி, நீங்க சொல்ல வந்ததைச் சொல்லுங்க. எங்க அப்பாவைப் பத்தி வேண்டாம், அது ஆச்சு."

ஹாஜி இரண்டே வாக்கியத்தில் கேட்டார். அபூ ஹாயில் தாடையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஹாயில் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னான். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"அந்த ஆள் வெளியே வரட்டும்," என்றார். "குடும்பமும் இங்கேயே இருக்கட்டும். ஆனா ஒண்ணு. என் பையன் எழுந்து நிக்கறவரைக்கும் ஆஸ்பத்திரிக்கு அந்த ஆள் வண்டிலதான் போவான். சீட்டைக் கழட்டி, காலை நீட்டப் படுக்கை போட்டு. ஓட்டறதும் அந்த ஆளேதான். வேற டிரைவரை வச்சா இந்தப் பேச்சு செல்லாது."

ஹாஜி மாடியைப் பார்த்தார். கம்பி வலைக்குப் பின்னால் அக்குளில் செருகியிருந்த கைகள் மைசூனின் கண்ணுக்கு முன்னால் வந்தன.

"ஓட்டுவார்," என்றாள்.

"ஓட்டுவாரா?" என்று ஜன்னத் பின்னாலிருந்து கிசுகிசுத்தாள்.

"தெரியாது."

"குடிங்க," என்றார் அபூ ஹாயில். "வந்த காரியம் ஆச்சு."

ஆறிப்போன காப்பியை எல்லோரும் ஒரே மடக்கில் குடித்தார்கள். கோப்பைகளை ஆட்டிக் கொடுக்கிற சத்தம் எழுந்தபோது, அபூ ஹாயில் வீட்டு ஜன்னலில் இருந்து இன்னொரு குரல் கேட்டது. மெலிந்த, கோபம் பிடித்த குரல்.

"அந்த வண்டியிலயா? என்னை யாராவது கேட்டீங்களா?"

வாக்குக் கொடுத்தாயிற்று, காப்பியும் குடித்தாயிற்று. மைசூன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இரண்டு ஆண்களுக்குச் சேர்த்துத் தான் சம்மதம் சொல்லிவிட்டது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

ராசிம் வந்த பிறகு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் எழுந்து போய், நடுவில் இருந்த சீட்டுகளைக் கழற்றி, மெத்தை போட்டு, கண்ணாடிகளைத் துடைத்தான். துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற காலையில் தெருவே ஜன்னலில் இருந்தது. ஹாயில் தம்பியை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வந்தான். ராசிம் பக்கம் திரும்பவே இல்லை. நவ்வாஃபை மெத்தையில் கிடத்தினார்கள். முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். தலைமாட்டில் அவன் அம்மா, கால்மாட்டில் மைசூன். கம்பி குத்தாமல் காலுக்கு இரண்டு பக்கமும் தலையணை வைத்துப் பிடித்துக்கொண்டாள். கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

ராசிம் ஏறி உட்கார்ந்தான். சாவியைத் திருகினான். என்ஜின் உறுமியது. சந்திலிருந்து வெளியே போக வேறு வழி இல்லை, வண்டியைப் பின்னால்தான் எடுக்க வேண்டும். கியரில் கையை வைத்தவன் வைத்தபடியே இருந்தான். கை அவனுடையது இல்லாத மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. கண்ணாடியைப் பார்த்தான், அந்தப் பக்கக் கண்ணாடியைப் பார்த்தான், மறுபடி இதைப் பார்த்தான். வெளியே ஹாயில், "என்ன, போறானா இல்லையா?" என்றான். மைசூனுக்குப் புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் போல இருந்தது, தலையணையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நவ்வாஃப் முழங்கையை ஊன்றினான். வலியில் முனகிக்கொண்டே அம்மாவின் தோளைப் பிடித்துத் தலையைத் தூக்கி, பின்பக்கக் கண்ணாடி வழியாக வெளியே எட்டிப் பார்த்தான். இடது பக்கம் பார்த்தான். வலது பக்கம் பார்த்தான். நிதானமாகக் கீழேயும் பார்த்தான்.

"யாரும் இல்ல," என்றான். "நான் பாத்துக்கறேன். எடு."